என்பிடெல் இயற்பியல் கோர்ஸ்: பாடம் இலவசம், பரீட்சைக்குத்தான் காசு

இணையத்தில் இலவசமாகப் பாடம் நடத்தும் என்பிடெல்லில் ஒரு இயற்பியல் கோர்ஸ் எடுக்கலாமா என்று கேட்டால் ஆளாளுக்கு வாத்தியார் எப்படி நடத்துகிறார், வீடியோ தெளிவாக இருக்கிறதா, அவர் ஆங்கிலம் புரியுமா என்றுதான் பதில் சொல்கிறார்கள். அதெல்லாம் இலவசம். பிடிக்கவில்லை என்றால் மூடிவிட்டு வேறு வீடியோ பார்க்கலாம், யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. நாம் காசு கொடுத்து வாங்குவது கடைசியில் நடக்கும் தேர்வும் அதற்குத் தரும் சான்றிதழும் மட்டும்தான். அதனால் இந்த விமர்சனமும் அதைப் பற்றி மட்டும்: மார்க் எப்படிப் போடுகிறார்கள், எங்கே கை கொடுக்கிறார்கள், எங்கே காலை வாருகிறார்கள். கலைக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன்; மாணவர்களைச் சேர்த்துவிட்டும், அவர்களோடு சேர்ந்து நானே தேர்வு எழுதியும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு வரி. 2003இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து ஆரம்பித்தது என்பிடெல். முதலில் வெறும் வீடியோ, பாடக் குறிப்பு என்று இருந்தது, 2014இலிருந்து தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறார்கள், இப்போது எல்லாம் மத்திய அரசின் இணையப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் இருக்கிறது. 4 வாரம், 8 வாரம், 12 வாரம் என மூன்று அளவு. ஜனவரியில் ஒரு சுற்று, ஜூலையில் ஒரு சுற்று. சேர்வதற்குக் காசில்லை, தேர்வுக்கு ஒரு கோர்ஸுக்கு 1000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதி.

இனி மார்க். வாராவாரம் வரும் அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75. இதைப் பார்த்ததும் நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் பழகிய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும், ஏனென்றால் பல பல்கலைக்கழகங்களில் இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75 என்று அதே பங்குதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் இன்டர்னல் மார்க் துறையில் இருப்பவர் கையில் இருக்கிறது. வருகைப் பதிவு, நன்னடத்தை, ரெக்கார்ட் நோட்டுக்கு அட்டை போட்டாயா என்பதெல்லாம் அதில் கலந்துவிடும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. நீங்கள் யார் என்றே யாருக்கும் தெரியாது, விடை சரியா தப்பா அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் மாணவர்களை இதில் சேரச் சொல்கிறேன்.

அசைன்மென்ட் விதிகள்தான் முழுத் திட்டத்திலும் நன்றாக யோசித்துப் போட்டவை. 12 வாரக் கோர்ஸில் 12 அசைன்மென்ட் வரும், அதில் சிறந்த 8 மட்டும் கணக்கு. 8 வாரம் என்றால் சிறந்த 6, 4 வாரம் என்றால் சிறந்த 3. கடைசித் தேதிக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் சமர்ப்பிக்கலாம், கடைசியாகப் போட்டதுதான் திருத்தலுக்குப் போகும். பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11:59க்குக் கதவு சாத்தப்படும். காய்ச்சல், அக்கா கல்யாணம், கரண்ட் போச்சு என்று யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை, விட்டால் விட்டதுதான், ஆனால் 12 வாரக் கோர்ஸில் நான்கு வாரம் விட்டாலும் கணக்கு கெடாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சலுகை கொடுத்து, அதில் யாருக்குக் கொடுத்தார்கள் யாருக்குக் கொடுக்கவில்லை என்று வகுப்பு முழுக்கப் புகைச்சல் கிளம்புவதை இந்த ஒரே விதி முளையிலேயே கிள்ளிவிடுகிறது. எங்கள் பாடத்திட்டக் குழுவில் யாராவது இதைத் திருடிக்கொண்டு வந்தால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன்.

இயற்பியலுக்கு இது இன்னும் பொருந்துகிறது. குவாண்டம் மெக்கானிக்ஸ் கோர்ஸில் முதல் இரண்டு வாரம் வெக்டர் ஸ்பேஸ், ஆபரேட்டர், கம்யூட்டேட்டர் என்று கணக்காகவே போகும், அதில் பி.எஸ்சி. பிள்ளைகள் தடுமாறுவார்கள், பிறகு பெட்டிக்குள் அடைபட்ட துகள் என்ற கணக்கு வந்ததும் தரையில் கால் பட்டது போல நிமிர்ந்துவிடுவார்கள். ஆரம்பத் தடுமாற்றத்துக்காகக் கடைசி வரை தண்டிக்காத விதி இது. கோர்ஸ் தொடங்கும் முன் மார்க் இல்லாத அசைன்மென்ட் ஒன்றும் வரும், பூஜ்யம் என்று எண் போட்டிருப்பார்கள். நமக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியது தெரிகிறதா என்று பார்க்கத்தான். அதைப் பெரும்பாலோர் தொடுவதே இல்லை, தொட வேண்டும்.

அசைன்மென்ட்டில் எனக்குள்ள ஒரே எரிச்சல், எண்ணாக விடை தட்டச்சு செய்யும் கேள்விகள். இந்த எண்ணிலிருந்து இந்த எண்ணுக்குள் இருந்தால் சரி என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். கேள்வி போட்டவர் அந்த வரம்பைத் தாராளமாக வைத்தால் பிரச்சினை இல்லை. இறுக்கமாக வைத்துவிட்டால், புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று எடுத்தவனுக்குச் சரி, 10 என்று எடுத்தவனுக்குத் தப்பு. எந்த மதிப்பை எடுக்க வேண்டும், எத்தனை தசமம் போட வேண்டும் என்று கேள்வியிலேயே எழுதிவிட்டால் முடிந்துபோகும் வேலை. சில கோர்ஸில் எழுதுகிறார்கள், சிலவற்றில் எழுதுவதில்லை. கேள்வித் தாளின் தரம் கோர்ஸுக்குக் கோர்ஸ் மாறுகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மார்க் விதிதான் பொதுவாக எல்லா என்பிடெல் இயற்பியல் கோர்ஸுக்கும் ஒன்று.

சரி, காலை வாரும் இடத்துக்கு வருவோம். தேர்ச்சிக்கு மொத்தம் 40 என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பாதி உண்மை. அசைன்மென்ட்டில் 25க்கு 10 தனியாக வேண்டும், தேர்வில் 75க்கு 30 தனியாக வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் சான்றிதழ் கிடையாது, மொத்தம் எவ்வளவு இருந்தாலும். ஒரு மாணவி அசைன்மென்ட்டில் முழுசாக 25 வாங்கியிருக்கிறாள், தேர்வில் நூற்றுக்கு 39 என்று வைத்துக்கொள்ளுங்கள். 39ஐ 75க்கு மாற்றினால் 29.25, மொத்தம் 54.25, சான்றிதழ் இல்லை. பக்கத்து இருக்கைக்காரன் அசைன்மென்ட்டில் ஒப்பேற்றி 10, தேர்வில் நூற்றுக்கு 40, அதாவது 75க்கு 30, மொத்தம் 40, அவனுக்குச் சான்றிதழ் உண்டு. 54 வாங்கியவளுக்கு இல்லை, 40 வாங்கியவனுக்கு உண்டு என்றால் வீட்டில் புரியவைப்பது கஷ்டம்தான்.

ஆனாலும் அந்த விதி நியாயமானது என்பதே என் கட்சி. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அசைன்மென்ட் வந்த கொஞ்ச நேரத்தில் டெலிகிராமில், யூடியூபில் "வாரம் 5 விடைகள்" என்று வந்துவிடுகிறது. அதைப் பார்த்து டிக் அடித்து 25க்கு 24 வாங்குபவர்கள் நிறைய. அந்த விடைகள் சில சமயம் தப்பாகவும் இருக்கும், அப்போது வகுப்பில் பாதிப் பேர் ஒரே தப்பை ஒற்றுமையாகச் செய்திருப்பார்கள், அது தனி வேடிக்கை. அந்த 24ஐ வைத்துக்கொண்டு தேர்வில் 16 மார்க் தேற்றினால் போதும் என்ற நிலை இருந்தால் சான்றிதழுக்கு மதிப்பே இருக்காது. தேர்வுக்கு ஒரு தனிக் கதவு வைத்ததால்தான் அந்தத் தாளைக் கொஞ்சமாவது நம்ப முடிகிறது. சான்றிதழிலேயே அசைன்மென்ட் மார்க்கையும் தேர்வு மார்க்கையும் தனித்தனியாக அச்சடிக்கிறார்கள். 25க்கு 25, 75க்கு 31 என்று பார்த்தால் பார்க்கிறவருக்குக் கதை புரிந்துவிடும். அந்த வகையில் நேர்மையான தாள்.

அடுத்தது பட்டங்கள். மொத்தம் 60 தொட்டால் எலைட், 75 தொட்டால் எலைட்டோடு சில்வர், 90 தொட்டால் எலைட்டோடு கோல்டு. இதில் கணக்கு எளிது: அசைன்மென்ட்டில் 90 சதவீதம், அதாவது 22.5 கையில் இருக்கிறது என்றால், தேர்வில் நூற்றுக்கு 50 வாங்கினால் எலைட், 70 வாங்கினால் சில்வர், 90 வாங்கினால் கோல்டு. எலைட் என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், ஒழுங்காக அசைன்மென்ட் போட்டவருக்கு அது தேர்வில் பாதி மார்க் தூரம்தான். அதே சமயம் கணக்கு நிறைந்த இயற்பியல் கோர்ஸில் சில்வர் வாங்கிய பிள்ளையைப் பார்த்தால் நான் எழுந்து நின்று கை கொடுப்பேன். சும்மா வராது அது.

ஏன் வராது என்றால் தேர்வின் வடிவம் அப்படி. எனக்கு உண்மையான வருத்தம் இங்கேதான். மூன்று மணி நேரம், பெரும்பாலும் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். நெகட்டிவ் மார்க் பொதுவாக இல்லை. ஸ்டெப் மார்க் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு கேள்வி சொல்கிறேன், நானே போட்டது, ஆனால் இந்த ரகம்தான் வரும். பெட்டிக்குள் ஒரு துகள், அது கிரவுண்ட் ஸ்டேட்டில், அதாவது ஆற்றல் மிகக் குறைந்த மட்டத்தில், இருக்க நிகழ்தகவு மூன்றில் ஒன்று, முதல் எக்ஸைட்டட் ஸ்டேட்டில், அதாவது அடுத்த மட்டத்தில், இருக்க மூன்றில் இரண்டு. சராசரி ஆற்றல் கிரவுண்ட் ஸ்டேட் ஆற்றலைப் போல எத்தனை மடங்கு? பெட்டிக்குள் ஆற்றல் குவாண்டம் எண்ணின் வர்க்கத்தில் ஏறும், எனவே இரண்டாவது மட்டம் நான்கு மடங்கு. மூன்றில் ஒன்றை ஒன்றாலும், மூன்றில் இரண்டை நான்காலும் பெருக்கிக் கூட்டினால் சரியாக 3. இப்போது ஒரு பிள்ளைக்கு எல்லாம் தெரியும், நிகழ்தகவை வைத்துச் சராசரி எடுக்க வேண்டும் என்று தெரியும், அவசரத்தில் நான்கு மடங்குக்குப் பதில் இரண்டு மடங்கு என்று எடுத்துவிட்டது. விடை மூன்றில் ஐந்து என்று வரும். அந்த எண்ணும் விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் கேள்வி போடத் தெரிந்தவர் அந்தத் தப்பை எதிர்பார்த்துத்தான் அதை வைத்திருப்பார். நம் பல்கலைக்கழகத் தாளில் இதற்கு 5க்கு 4 போட்டிருப்பேன். இங்கே பூஜ்யம். பக்கத்தில் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விடையைத் தொட்டு அது சரியாக அமைந்துவிட்டால் அவனுக்கு முழு மார்க்.

குருட்டாம்போக்கில் எழுதினால் தப்பித்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: நான்கு விடைகளில் ஒன்று சரி என்றால் சராசரியாக நூற்றுக்கு 25 வரும், தேவை 40. இடைவெளி 15. அது சின்னதில்லை, பெரியதும் இல்லை. கொஞ்சம் தெரிந்து மிச்சத்தை அடித்துவிடுபவர்கள் தாண்டிவிடுகிறார்கள் என்பதுதான் இந்த வடிவத்தின் ஓட்டை. அசைன்மென்ட் கேள்விகள் சில அப்படியே திரும்ப வரும் என்ற நம்பிக்கையும் பிள்ளைகளிடம் பலமாக இருக்கிறது, அதை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு வருபவர்களும் உண்டு.

இதையெல்லாம் சொன்னாலும், நம் செமஸ்டர் தேர்வு ஒன்றும் உசத்தி என்று சொல்ல வாய் வரவில்லை. ஹைட்ரஜன் அணுவுக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்ப்பதை நான்கு பக்கம் மூச்சுவிடாமல் எழுதும் பிள்ளையிடம், அதே அணுவில் ஒரு மட்டத்தில் எத்தனை நிலைகள் ஒரே ஆற்றலில் இருக்கின்றன என்று கேட்டால் விழிக்கிறது. மனப்பாடத்துக்கு மார்க் போட்டு நாம் வளர்த்த பிள்ளை அது. என்பிடெல் தாள் அந்த இடத்தைக் கச்சிதமாகக் குத்திக் காட்டுகிறது. டெரிவேஷன் ஒப்பிக்க அங்கே இடமே இல்லை. இன்னொன்றும் உண்டு. விடைகளைப் பார்த்துச் சிலவற்றைக் கழிப்பது குறுக்குவழி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மின்னூட்டம் பரவிய ஒரு வட்டத் தட்டின் அச்சில் மின்புலம் என்ன என்று கேட்டால், வெகுதூரம் போனால் அது புள்ளி மின்னூட்டம் போல தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைய வேண்டும், மிக அருகில் வந்தால் முடிவில்லாத தளத்தைப் போல நிலையான மதிப்புக்கு வர வேண்டும். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் இரண்டு விடைகள் விழுந்துவிடும். அது குறுக்குவழி இல்லை, அதுதான் இயற்பியல். பரிமாணம் சரியா, எல்லையில் சரியா வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் இந்தத் தேர்வால் வந்தால் 1000 ரூபாய்க்கு லாபம்.

அதனால் என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. மார்க் விதிகளுக்கு 5க்கு 4 கொடுப்பேன். தேர்வின் வடிவத்துக்கு இரண்டரைக்கு மேல் போக மனமில்லை. வேவ்ஸ் அண்ட் ஆசிலேஷன்ஸ், அடிப்படைச் சாலிட் ஸ்டேட் போன்ற கோர்ஸ்களுக்கு இந்த வடிவம் ஒத்துப்போகும். ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ், எலக்ட்ரோடைனமிக்ஸ் போல ஒரு கணக்கே ஒரு பக்கம் ஓடும் பாடத்தில், கடைசி எண்ணை மட்டும் பார்த்து மார்க் போடுவது அநியாயம். ஒரே ஒரு கேள்வியாவது கையால் எழுதி, ஆள் வைத்துத் திருத்தலாம் என்று ஆசை, ஆனால் இத்தனை ஊர்களில் இத்தனை பேர் எழுதும் தேர்வில் திருத்துவதற்கு ஆள் எங்கே என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கிரெடிட் விஷயத்துக்கு வருகிறேன், கல்லூரி மாணவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். ஸ்வயம் வழியாகப் படித்த கோர்ஸ்களைப் பட்டப் படிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2016இல் விதி கொண்டுவந்தது, ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 சதவீதம் வரை. 2021இல் அதை 40 சதவீதமாக்கினார்கள். இது காகிதத்தில். உங்கள் பல்கலைக்கழகம் எதை ஏற்கும், எந்தப் பாடத்துக்குப் பதிலாக ஏற்கும் என்பது வேறு கதை. 8 வாரக் கோர்ஸ் சான்றிதழில் "2 அல்லது 3 கிரெடிட் பரிந்துரை" என்றும் 12 வாரத்துக்கு "3 அல்லது 4" என்றும் போட்டிருக்கும். அந்த "அல்லது" யார் பக்கம் சாயும் என்று கேட்காதீர்கள், பெரும்பாலும் குறைந்த பக்கம்தான். ஒரு கல்லூரியில் படிக்கும் பையன் போன் செய்து, "சார், சர்டிபிகேட் வந்துடுச்சு, எலைட் சார், ஆனா ஆபீஸ்ல ஏத்த மாட்டேங்கிறாங்க, இந்த பேப்பர் ஏற்கனவே கோர் சப்ஜெக்ட்ல இருக்குன்னு சொல்றாங்க" என்று புலம்பினான். சேர்வதற்கு முன்னாலேயே துறைத் தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருந்தால் இந்தத் தலைவலி வந்திருக்காது, ஆனால் அதை அவனிடம் சொல்ல வேண்டியது அந்தக் கல்லூரிதான், அவர்கள் வாயே திறக்கவில்லை. எம்.எஸ்சி. மாணவர்கள் இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்: என்பிடெல்லில் தேர்ச்சி 40, பி.ஜி.க்கு 50 வேண்டும் என்ற விதி உள்ள இடத்தில் 43 மார்க் சான்றிதழை வைத்து என்ன செய்வார்கள் என்று முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு குழப்பம். ஸ்வயம் தளத்தில் இருக்கும் எல்லா இயற்பியல் கோர்ஸும் என்பிடெல் கோர்ஸ் இல்லை. வேறு அமைப்புகள் நடத்துவனவும் அங்கேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அவற்றுக்குத் தேர்வு நடத்துவது தேசியத் தேர்வு முகமையான என்.டி.ஏ., மார்க் பங்கு அசைன்மென்ட்டுக்கு 30, தேர்வுக்கு 70. தேர்வுப் பதிவு, கட்டணம், தேதி எல்லாம் தனி. கோர்ஸ் பக்கத்தில் யார் நடத்துகிறார்கள் என்று ஒரு கண் பார்த்துவிட்டு நான் மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள்.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு, 8 வாரக் கோர்ஸை ஒரு வார எஃப்.டி.பி.யாகவும் (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) 12 வாரக் கோர்ஸை ஒன்றரை வாரமாகவும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். பணி உயர்வுக்குக் காகிதம் தேடும் சக ஆசிரியர்களே, விடை வீடியோ பார்க்கும் கூட்டத்தில் நாமும் இருக்கிறோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

சான்றிதழே வேண்டாம், இயற்பியல்தான் வேண்டும் என்பவருக்கு இந்த விமர்சனமே தேவையில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் கரும்பலகையில் எழுதி நடத்திய கிளாசிக்கல் ஃபிசிக்ஸ், குவாண்டம் ஃபிசிக்ஸ் வகுப்புகள் யூடியூபில் சும்மா கிடக்கின்றன. அதற்கு வாராந்தர அசைன்மென்ட்டும் வேண்டாம், எலைட்டும் வேண்டாம். ஆனால் சொந்தமாக ஒரு கணக்கும் போடாமல் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். அந்த மயக்கத்தைத் தெளிய வைக்கவாவது ஒரு கெடுத் தேதி உதவும்.

எடுப்பதென்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு வழி. சேர்ந்த அன்றே காசு கட்டாதீர்கள். கோர்ஸ் தொடங்கிச் சில வாரங்கள் வரை தேர்வுப் பதிவு திறந்திருக்கும், கடைசித் தேதியை மட்டும் காலண்டரில் குறித்துவையுங்கள். அதற்குள் வரும் அசைன்மென்ட்டுகளை யாருடைய வீடியோவையும் பார்க்காமல் நீங்களே போடுங்கள். பாதிக்கு மேல் சரியாக வந்தால் கட்டுங்கள். நூற்றுக்கு 40க்குக் கீழே நின்றால் அந்தச் சுற்றில் பாடத்தை மட்டும் கேட்டுவிட்டு அடுத்த முறை அதே கோர்ஸ் வரும்போது சேருங்கள், முக்கியமான கோர்ஸ்கள் பலவும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பதிவு செய்யும்போது பெயர், பிறந்த தேதி, புகைப்படம் மூன்றையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள், பெயரும் புகைப்படமும்தான் சான்றிதழில் அச்சாகும். ஒரே சமயத்தில் இரண்டு கோர்ஸ் எடுப்பவர்கள் இரண்டு தேர்வும் ஒரே நாளில் ஒரே வேளையில் மோதவில்லையா என்பதையும் பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்.